நாற்காலிக்குள் ஒரு ‘காலி’!

2023 ஜனவரி 7, சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணி. தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, நான் செல்போனில் அமெரிக்கப் பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரடி ஒளிபரப்பு. அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை இரவு, மணி பதினொன்று. கோட்டும் டையுமாக நின்ற அலபாமா எம்.பி. மைக் ரோஜர்ஸ், திடீரென்று சக எம்.பி. மேட் கேட்ஸை நோக்கிப் பாய்ந்தார். பின்னாலிருந்து ரிச்சர்ட் ஹட்ஸன் என்ற இன்னொரு எம்.பி., ரோஜர்ஸை வாயோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். மூன்று பேருமே ஒரே கட்சி!

முதல் சனிக்கிழமை என்பதால் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் நண்பன் எட்டிப் பார்த்தான்.

“என்னடா, சத்தியமூர்த்தி பவனா?”

“இல்லடா, வாஷிங்டன்.”

“வேட்டி கிழிஞ்சுதா?”

“பேன்ட் போட்டிருக்காங்க.”

“அதான் தப்பிச்சாங்க” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கோஷ்டிப் பூசல் என்றால் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாலு நாள் கூத்தும், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நடந்ததும் நமக்கே புதுசு. ஒரு மனுஷன் நாற்காலியில் உட்காருவதற்காகத் தன் கையாலேயே அந்த நாற்காலியின் கால் ஒன்றை அறுத்துக் கொடுத்த கதை இது.

முதலில் நாற்காலியைப் பற்றி. நம் ஊர் சபாநாயகர், பதவிக்கு வந்ததும் கட்சித் துண்டைக் கழற்றி வைத்துவிட்டதாகவாவது காட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பாசாங்கே கிடையாது. பிரதிநிதிகள் சபையில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, அந்தக் கட்சியின் தலைவர்தான் சபாநாயகர். எந்த மசோதா சபைக்கு வரும், எது வராது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில். ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த வாரிசும் அவர்தான். 435 இடங்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். புது சபை கூடும்போது முதல் வேலை, சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது. அது முடியாமல் ஒருத்தருக்கும் பதவிப் பிரமாணம் கிடையாது. (ஆக, மேலே நான் ‘எம்.பி.’ என்று எழுதிய மூன்று பேரும் அந்த இரவு, சட்டப்படி, எம்.பி. ஆகப் போகிறவர்கள் மட்டுமே!)

இன்னொன்று. நம் நாட்டில் 1985-லிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடலாம். அங்கே அதெல்லாம் இல்லை. கொறடா உண்டு, சாட்டைதான் இல்லை. கட்சி வேட்பாளரை எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டுக் கட்சிக் கூட்டத்துக்கே போய்க் காபி குடிக்கலாம்.

இப்போது கதாநாயகன். கெவின் மெக்கார்த்தி. கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர். இளவயதில் 5,000 டாலர் லாட்டரி அடித்தது. மாமா வைத்திருந்த தயிர்க் கடைக்குள்ளேயே ஒரு சாண்ட்விச் கவுன்ட்டர் போட்டு நடத்தினார். பிறகு கல்லூரி, அரசியல். 2007-ல் வாஷிங்டன் போனார். கொள்கை என்று பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; ஆளைப் பிடிப்பதில் கில்லாடி. டிரம்ப் ஜனாதிபதியாக இருந்தபோது, ஒரு மிட்டாய்ப் பாக்கெட்டில் அவருக்குச் சிவப்பும் இளஞ்சிவப்பும் மட்டும்தான் பிடிக்கும் என்று கவனித்தார். உதவியாளரை உட்கார்த்தி அந்த இரண்டு நிற மிட்டாய்களை மட்டும் பொறுக்கி ஜாடியில் போட்டு அனுப்பிவைத்தார். ‘மை கெவின்’ என்று டிரம்ப் செல்லமாகக் கூப்பிட்டது சும்மா இல்லை.

2010-ல் அந்தக் குடியரசுக் கட்சியில் மூன்று இளந்தலைவர்கள் சேர்ந்து புத்தகமே போட்டார்கள். எரிக் கேன்ட்டர், பால் ரயன், மெக்கார்த்தி. வாஷிங்டனை எதிர்த்துக் கோபமாக நிற்கும் புது ஆட்களைத் தேடித் தேடி நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். அந்தக் கோபம் பிறகு அவர்கள் பக்கமே திரும்பியது. 2014-ல் கேன்ட்டர், சபையில் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் என்ற பெரிய பதவியில் இருந்தபோதே, சொந்தக் கட்சியின் உள்தேர்தலில் ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். 2015-ல் சபாநாயகர் ஜான் பேனரை உள்கட்சிக் கோஷ்டி வெளியே தள்ளியது. அந்த இடத்துக்கு மெக்கார்த்தி முயன்று, ஓட்டுத் தேறாமல் விலகினார். ரயன் உட்கார்ந்தார், போதும்டா சாமி என்று 2019-ல் வீட்டுக்குப் போனார். மிச்சம் மெக்கார்த்தி.

2022 நவம்பர் தேர்தலில் பெரிய அலை அடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது முழங்கால் அளவு தண்ணீர். குடியரசுக் கட்சிக்கு 222. ஜனநாயகக் கட்சிக்கு 213. அதிலும் ஒருவர் இறந்துவிட 212. ஆக 434 பேர். ஜெயிக்க 218. அதாவது சொந்தக் கட்சியில் நாலு பேர் முரண்டு பிடித்தால் சமாளிக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் கப்பல் கவிழும்.

வந்தது 19 பேர்!

ஜனவரி 3. முதல் சுற்று. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். மெக்கார்த்தி 203. எதிர்க்கட்சியின் ஹக்கீம் ஜெஃப்ரிஸ் 212. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் இரண்டாவது இடம்! 1923-க்குப் பிறகு முதல் சுற்றில் முடியாமல் போனது இதுதான் முதல் தடவை. இரண்டாவது சுற்று, மறுபடி 203. மூன்றாவது, 202. எதிரிகள் 20 ஆனார்கள். மறுநாள் 201. அதற்கு மறுநாள் 200. மளிகைக் கடைத் தராசு மாதிரி, பார்க்கப் பார்க்க எடை குறைகிறது.

கண்கொள்ளாக் காட்சி அது. சாதாரணமாக சபைக்குள் கேமரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை சபை நிர்வாகமே முடிவு செய்யும். அந்த நாலு நாள் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் கேமராக்கள் இஷ்டத்துக்குச் சுற்றின. யார் யார் காதில் என்ன ஊதுகிறார்கள், யார் தூங்குகிறார்கள், எல்லாம் தெரிந்தது. பதவிப் பிரமாணம் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மார்பில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டே ஓட்டுப் போட்டவரும் உண்டு. எனக்கு மூன்று நாளாக ராத்திரித் தூக்கம் போச்சு. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

அந்த 20 பேரும் கேட்டது என்ன? பணமா, மந்திரி பதவியா? மந்திரி பதவி அங்கே எம்.பி.க்களுக்குக் கிடையாது. அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது ஒரு சின்ன விதி. சபாநாயகர் நாற்காலியைக் காலி செய்யும் தீர்மானத்தை எந்த ஒரு எம்.பி.யும் தனியாளாகக் கொண்டுவரலாம் என்பது. பழைய விதிதான். 2015-ல் பேனரை மிரட்டியது இதை வைத்துத்தான். 2019-ல் நான்சி பெலோசி சபாநாயகர் ஆனபோது அதற்குப் பூட்டுப் போட்டார். ‘ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் ஓகே’ என்று முதலில் மெக்கார்த்தி பேரம் பேசினார். ‘ஒரு ஆள்’ என்பதில் அவர்கள் நின்றார்கள். கடைசியில் இவர் இறங்கிவந்தார். கூடவே, மசோதாக்களை வழிவிடும் விதிக் குழுவில் இடம், அரசுச் செலவை 2022 அளவுக்குக் குறைப்பது என்று வரிசையாக வாக்குறுதிகள்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்தொகையில் வலது பக்கம் சொத்து, இடது பக்கம் கடன். இரண்டும் டாலி ஆக வேண்டும். மெக்கார்த்தி வலது பக்கம் ‘நாற்காலி’ என்று எழுதினார். இடது பக்கம் எழுதியது ஒரு புரோநோட்டு. தவணைத் தேதி கிடையாது. ‘கேட்ட மாத்திரத்தில்’ தர வேண்டியது. அதுவும் ஒருத்தர் பெயருக்கு இல்லை. 222 பேரில் யார் வேண்டுமானாலும் நீட்டலாம்!

ஜனவரி 6 பகலில் காற்று திரும்பியது. 213, பிறகு 214. குறைமாதக் குழந்தையைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்த எம்.பி.யை விமானத்தில் திரும்ப வரவழைத்தார்கள். ராத்திரி 14-வது சுற்று. 216. ஒரே ஒரு ஓட்டுக் குறைச்சல்! கடைசியாகக் கூப்பிட்ட பெயர்களில் ஒன்று மேட் கேட்ஸ். அவர் எழுந்து, “ஆஜர்” என்று மட்டும் சொன்னார். நம் பள்ளிக்கூட ‘உள்ளேன் ஐயா’தான். யாருக்கும் ஓட்டு இல்லை. மெக்கார்த்தியே இறங்கிப் போய் அவரிடம் கெஞ்சுகிறார். ரோஜர்ஸ் பாய்ந்தது அப்போதுதான்.

சரி, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சபையை ஒத்திவைக்க ஓட்டெடுப்பு. பாதியில் மெக்கார்த்தி ஓடிப் போய்த் தன் ஓட்டை மாற்றுகிறார். ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று அவர் ஆட்கள் கத்துகிறார்கள். 15-வது சுற்றில் மிச்சமிருந்த ஆறு பேரும் ‘உள்ளேன் ஐயா’ போட, பெயர் சொல்லிப் போட்ட ஓட்டுகளின் எண்ணிக்கை குறைந்து, ஜெயிக்க வேண்டிய கணக்கும் குறைந்தது. அதே 216. இந்தத் தடவை அது பாஸ் மார்க்!

இங்கே மணி பதினொன்று. நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘ஜெயிச்சுட்டார்.’ அவன் பதில்: ‘செக்யூரிட்டி என்ன குடுத்தார்?’ வங்கிக்காரன் கேள்வி.

*

அந்த மனுஷனையும் பாவம் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்க அரசு கடன் வாங்கும் உச்சவரம்பை உயர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் உலகத்தின் பெரிய கடன்காரர் கைவிரித்துவிடுவார். ஜனாதிபதி பைடனோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார். 314 – 117 என்று நிறைவேறியது. ஆனால் ஆதரித்தவர்களில் எதிர்க்கட்சி 165, சொந்தக் கட்சி 149. அதிருப்தி கோஷ்டி பழிவாங்கியது எப்படித் தெரியுமா? ஜூனில் சமையல் கேஸ் அடுப்பு சம்பந்தமான தங்கள் கட்சி மசோதாவையே விவாதத்துக்கு வரவிடாமல் தோற்கடித்து சபையை முடக்கினார்கள். அடுப்பு பற்ற வைக்காமலே புகை!

செப்டம்பர் 30. அக்டோபர் 1-ல் அவர்களுக்குப் புது நிதியாண்டு. பட்ஜெட் நிறைவேறவில்லை. பணம் ஒதுக்காவிட்டால் அரசு அலுவலகங்கள் மூடல். ஊழியர்களுக்குச் சம்பளம் நிற்கும், சிப்பாய்கள் சம்பளமில்லாமல் டியூட்டி பார்க்க வேண்டும். (ஒண்ணாம் தேதி சம்பளம் வராத வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) முந்தின நாள் செலவைக் குறைத்து மெக்கார்த்தி கொண்டுவந்த தற்காலிக மசோதாவைச் சொந்தக் கட்சிக்காரர்கள் 21 பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள். வேறு வழியில்லை. வெட்டு எதுவும் இல்லாத 45 நாள் மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சி கைகொடுக்க, 335 – 91.

அரசு தப்பியது. அவர் மாட்டினார்.

“கொண்டு வரட்டும் பார்க்கலாம்” என்றார் மெக்கார்த்தி. “கொண்டு வந்துவிட்டேன்” என்று பதில் போட்டார் கேட்ஸ். அக்டோபர் 3, ஓட்டெடுப்பு. மெக்கார்த்திக்கு எதிராக அவர் கட்சியில் எட்டே பேர். 221-ல் எட்டு! எதிர்க்கட்சி நினைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் முன்னால் அவர்கள் ஓட்டால் மூச்சு வாங்கியவர், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் உட்கார்ந்து ‘ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் அரசை முடக்கப் பார்த்தார்கள்’ என்று பேசியிருந்தார். அந்த வீடியோவைத் தங்கள் கட்சிக் கூட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சபைக்குள் வந்தார்கள் அவர்கள். 208 பேரும் ஒரே மாதிரி ஓட்டு. 216 – 210. அமெரிக்க சரித்திரத்தில் ஓட்டெடுப்பில் நீக்கப்பட்ட முதல் சபாநாயகர். 1910-ல் ஜோ கேனன் என்ற சபாநாயகர், முடிந்தால் தூக்கிப் பாருங்கள் என்று தானே அழைத்து ஜெயித்திருந்தார். எல்லோரும் கேனன் ஆக முடியுமா?

கேட்ஸை வில்லனாக்குவது சுலபம். பல பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எழுதி வாங்கியதைத்தான் வசூல் செய்தார். தப்பு, ஒரே செலவுக் கணக்கைக் கோஷ்டியிடம் ஒரு மாதிரியும் பைடனிடம் வேறு மாதிரியும் ஒப்புக்கொண்டது. ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்தால் ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலி போட வருவார்கள்.

தற்காலிக சபாநாயகர் பேட்ரிக் மெக்ஹென்றி, சுத்தியலை மேஜையில் அடித்த அடியில் டி.வி. ஸ்பீக்கரே அதிர்ந்தது. அன்று அவர் செய்த காரியங்களில் ஒன்று, கேபிடல் கட்டடத்தில் நான்சி பெலோசி வைத்திருந்த தனி அறையை மறுநாளைக்குள் காலி செய்யச் சொன்னது! பாவம், அந்த அம்மா ஒரு மறைந்த செனட்டரின் இறுதிச் சடங்குக்காக சான்பிரான்ஸிஸ்கோவில் இருந்தார். ஆபீஸ் அரசியல் என்பது எந்த மாடியில் ஏறினாலும் ஆபீஸ் அரசியல்தான்.

பிறகு 22 நாள் சபாநாயகரே இல்லை. நடுவில் அக்டோபர் 7-ல் ஹமாஸ் இஸ்ரேல் மேல் தாக்குதல் நடத்தி, காசாவில் போர் மூண்டுவிட்டது. உக்ரைன் உதவிக்குக் காத்திருக்கிறது. இவர்களோ வேட்பாளர் தேடுகிறார்கள். ஸ்டீவ் ஸ்கலீஸ், கட்சிக்குள் ஜெயித்தார், மறுநாள் விலகினார். ஜிம் ஜோர்டன், சபையில் மூன்று தடவை நின்றார். 200, 199, 194 என்று சரிந்தார். டாம் எம்மர், மதியம் வேட்பாளர், மாலைக்குள் முன்னாள் வேட்பாளர். கடைசியில் லூசியானாவின் மைக் ஜான்சன். 2017-ல்தான் சபைக்கு வந்தவர். பெரிய பதவி எதிலும் இருந்ததில்லை. அதனால் விரோதியும் இல்லை. அக்டோபர் 25-ல் 220 – 209. ஒரே சுற்று.

அவர் செய்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று என்ன? 45 நாள் முடிய இருந்ததால், நவம்பர் 14-ல் எதிர்க்கட்சி ஓட்டோடு இன்னொரு தற்காலிகப் பட்ஜெட். 336 – 95! மெக்கார்த்தி எதற்காகத் தூக்கப்பட்டாரோ அதே காரியம். புரோநோட்டை யாரும் நீட்டவில்லை. களைப்பு! மெக்கார்த்தி அந்த டிசம்பர் கடைசியில் எம்.பி. பதவியையே விட்டுவிட்டுப் போனார்.

2024 மே மாதம் உக்ரைன் உதவி விஷயத்தில் கோபம் கொண்டு மார்ஜரி டெய்லர் கிரீன், ஜான்சன் மேல் அதே காலித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 359 – 43 என்று ஓரம் கட்டினார்கள். காப்பாற்றியவர்களில் 163 பேர் எதிர்க்கட்சி. அக்டோபரில் மெக்கார்த்திக்குக் கிடைக்காத அந்தக் கை, மே மாதம் ஜான்சனுக்கு நீண்டது. காரணம் அன்புதான் என்று நான் சொல்ல மாட்டேன். முந்தைய மாதம் உக்ரைன் மசோதாவை அவர் தன் கட்சியின் பெரும்பகுதியைப் பகைத்துக்கொண்டு சபையில் ஓட்டுக்கு விட்டிருந்தார்.

2025 ஜனவரி 3. மறுபடி புது சபை. இப்போது ஜான்சன் தன் பதவியைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு முன்னைவிட மோசம். கட்சியின் பலம் 219. கேட்ஸ் ராஜினாமா செய்துவிட்டதால் அந்த இடம் காலி. 434-ல் 218 வேண்டும். ஒருத்தர் போனால் தாங்கும். இரண்டு பேர் போனால் போச்சு.

இந்தத் தடவையும் செல்போனில் பார்த்தேன். நண்பனும் கூட உட்கார்ந்திருந்தான், வெள்ளி ராத்திரி. பெயர் கூப்பிடும்போது சில பேர் வாயே திறக்கவில்லை. தாமஸ் மேஸி, எம்மருக்குப் போட்டார். ரால்ஃப் நார்மன், ஜோர்டனுக்கு. கீத் செல்ஃப், பைரன் டொனால்ட்ஸுக்கு. வாய் திறக்காதவர்கள் இரண்டாம் தடவை கூப்பிட்டபோது ஜான்சன் என்று சொல்லிவிட்டார்கள். இருந்தும் 216.

“போச்சா?” என்றான் நண்பன்.

போகவில்லை. ஓட்டெடுப்பை முடித்து அறிவிக்கவே இல்லை. நார்மனும் செல்ஃபும் ஜான்சனோடு ஒரு அறைக்குள் போனார்கள். போனில் டிரம்ப், பதினேழு நாளில் ஜனாதிபதியாகப் போகிறவர். 2023-லும் அவர் போனில் வந்தார். ‘டி.டி.’ என்று திரையில் தெரிய கிரீன் நீட்டிய செல்போனை மேட் ரோசன்டேல் என்ற எம்.பி. கையால் தள்ளிவிட்ட போட்டோ உலகம் பூராவும் சுற்றியது. அன்றைக்கு டிரம்ப் பதவியில் இல்லாதவர். இப்போது நிலைமை வேறு. வெளியே வந்த இருவரும் ஓட்டை மாற்றினார்கள். 218. முதல் சுற்றிலேயே முடிந்தது. மேஸி மட்டும் கடைசி வரை மாறவில்லை.

அதே நாள் புது விதிகளும் நிறைவேறின. இனி நாற்காலியைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர ஒரு ஆள் போதாது. பெரும்பான்மைக் கட்சியிலேயே ஒன்பது பேர் வேண்டும்.

“அதென்னடா ஒன்பது கணக்கு? பத்துன்னு ரவுண்டா வெச்சிருக்கலாமே?” என்றான் நண்பன்.

“மெக்கார்த்தியைத் தூக்கினது எத்தனை பேர்?”

விரல் விட்டு எண்ணாமலே சிரித்தான். “எட்டு.”